முன்னே நிற்கும் கொம்பு குழப்பம் அல்ல

தாய்லாந்து எழுத்தில் உயிரொலி பெரும்பாலும் ஒரு மெய்யைச் சார்ந்த குறியாகவே வருகிறது. சில குறிகள் மெய்க்கு முன்னால் நிற்கும், சில பின்னால். சில தலைமேல் ஏறும், சில காலடியில் இறங்கும். வேறு சில மெய்யை இரு புறமும் அணைத்துக்கொள்ளும். ஆங்கிலவழிப் பாடநூல்களும் பயணக் கையேடுகளும் இந்த அமைப்பைப் பற்றி ஒரு கருத்தை உலகெங்கும் நிலைநாட்டியிருக்கின்றன. தாய்லாந்து மொழியின் உயிர்க்குறிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பவை. முப்பத்திரண்டு உயிர்கள் என்பது கற்பவரின் நினைவுக்குப் பெருஞ்சுமை. ஆகவே ரோமன் எழுத்தில் பேச்சைக் கற்றுக்கொண்டு, எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அந்தக் கருத்து. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ வணிகத்துக்கோ அந்த நாட்டுக்குப் போகிறவர்களிடமும் இதே அறிவுரை கைமாற்றாக வந்து சேர்கிறது. தமிழ் எழுத்தில் வளர்ந்த ஒருவருக்கு இதன் மூன்று பகுதிகளுமே தவறு. மூன்றாவது பகுதி, தவறு என்பதோடு நில்லாமல், கேடும் செய்கிறது.

விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போகும் வழியில், வெள்ளாற்றங்கரையில் இருக்கும் சேத்தியாத்தோப்பின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'சே'யில் இரட்டைக்கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது. ஒலியிலோ மெய்க்குப் பின்னால்தான் வருகிறது. 'தி'யில் குறி தலைமேல் வளைகிறது. 'யா'வில் துணைக்கால் பின்னால் நிற்கிறது. 'தோ'வில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக இரண்டு துண்டுகள் ஒரு மெய்யைச் சூழ்ந்து ஒரே உயிரொலியைத் தருகின்றன. 'பு'வில் கோடு கீழே இறங்குகிறது. தாய்லாந்து எழுத்தில் ஒழுங்கின்மை என்று குற்றம் சாட்டப்படும் ஐந்து இடங்களும் ஒரே ஊர்ப்பெயருக்குள் இருக்கின்றன. அந்த ஊரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை பேருந்தின் நெற்றிப் பலகையில் இதைத் தடுமாறாமல் படிக்கிறது. முன்னால் கண்ட கொம்பை மனத்தில் நிறுத்தி, மெய்யை ஒலித்து, அதன்மேல் உயிரை ஏற்றும் பழக்கம் அந்தக் கண்ணுக்கு ஏற்கெனவே படிந்துவிட்டது. ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்துகள் நிற்க வேண்டும் என்று பழகிய ஆங்கிலக் கண்ணுக்குத்தான் அது புதுமை. ஆங்கிலேயர் ஒருவரின் இடர்ப்பாட்டைத் தமிழர் ஏன் கடன் வாங்க வேண்டும்?

இதே ஊர்ப்பெயர் ரோமன் எழுத்தில் என்ன ஆகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அதை ஒருவர் எழுதுவதுபோல் இன்னொருவர் எழுதுவதில்லை. 'சே' நெடிலா குறிலா என்பது எந்த வடிவத்திலும் தெரிவதில்லை. ஒரு வடிவத்தில் கடைசி உகரமே இல்லை. வெளியூர்க்காரர் அதைப் பார்த்துச் 'செதியதோப்' என்று சொன்னால் பிழை அவருடையது அல்ல. தாய்லாந்து மொழியை ரோமன் எழுத்து வழியாகக் கற்பவருக்கு ஒவ்வொரு சொல்லிலும் இதுவே நடக்கிறது.

குறிகளின் இடங்களை விளங்கிக்கொள்ள விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் புழங்கும் பொருள்களின் தாய்லாந்துப் பெயர்கள் போதும். மண்ணுக்குத் 'தின்' என்று பெயர் (தகரம் மென்மையாக, 'தம்பி அந்த' என்பதில் வரும் இரண்டாம் தகரம்போல ஒலிக்கும்). அதன் இகரக்குறி மெய்யின் தலைமேல். தண்ணீர்த் தொட்டிச் சாடிக்குத் 'தும்', உகரக்குறி காலடியில். தட்டுக்குச் 'சான்', கிண்ணத்துக்குச் 'சாம்'. இரண்டிலும் ஆகாரக்குறி பின்னால், நம் துணைக்கால் நிற்கும் இடத்திலேயே. ஊறுகாய்ச் சாடி போன்ற கலத்துக்கு 'ஹை'. ஐகாரக்குறி முன்னால், நம் 'கை'யில் நிற்பதுபோல. ராத்சபுரி நகரம் புகழ்பெற்றதற்குக் காரணமான, டிராகன் உருவம் பொறித்த பெரிய நீர்ச்சாடிக்கு 'ஓங்'; ஓகாரக்குறியும் முன்னால்தான். சூளைக்கும் அடுப்புக்கும் பொதுவான சொல் 'தவ்'. அதன் குறி முன்னொரு துண்டும் பின்னொரு துண்டுமாக மெய்யை அணைக்கிறது. ஓட்டுக்கும் ஓட்டுச்சில்லுக்கும் உரிய சொல்லில் முன்னொன்று, மேலொன்று, பின்னொன்று என மூன்று துண்டுகள் சேர்ந்து ஓர் ஈருயிரைத் தருகின்றன. தமிழில் இல்லாதது இந்த மூன்று துண்டு அமைப்பு ஒன்றுதான். உயிரில் தொடங்கும் சொற்களுக்கு, ஒலியற்ற ஒரு தாங்கெழுத்து உண்டு. அதற்குத் தாய்லாந்துப் பள்ளிகளில் 'ஓ ஆங்' என்று பெயர். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பொருளின் பெயரோடு சேர்த்துச் சொல்வது அவர்கள் மரபு. இந்த எழுத்துக்கு வாய்த்தது 'ஆங்', அதாவது தண்ணீர்த் தொட்டி. சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து பீங்கான் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நினைவில் நிற்கும் எழுத்துப் பெயர் கிடைக்காது.

முப்பத்திரண்டு என்ற எண்ணிக்கை, தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லி மிரட்டுவது போன்றதுதான். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று அறிந்தவருக்கு மீதமுள்ள 216 உயிர்மெய்யும் பெருக்கல் கணக்கு. தாய்லாந்து மொழியின் 32 உயிர்களையும் அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிப்படை உயிரொலிகள் ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில் உண்டு, ஆகப் பதினெட்டு. மூன்று ஈருயிர்கள், அவற்றுக்கும் குறில் நெடில்; ஆக ஆறு. இந்த ஆறில் குறில் மூன்றும் அரிய வழக்கு. மீதமுள்ள எட்டில் நான்கு, வடமொழியின் ருகர லுகர உயிர்களுக்கு வைத்துக்கொண்டவை. லுகரம் இரண்டும் வழக்கொழிந்தே போயின. இன்னும் நான்கு, 'அம்', 'அவ்', இரண்டு வகை 'ஐ'. அந்த இரண்டு ஐகாரங்களில் ஒன்று இருபதே சொற்களில் வரும். தாய்லாந்துப் பிள்ளைகள் அந்த இருபதையும் பாட்டாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆக, கற்க வேண்டியவை ஒன்பது ஒலிகள், இரண்டு அளவுகள், சில சேர்க்கைகள்.

இரண்டு அளவு என்பதில்தான் தமிழருக்குப் பெரிய முதல் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பதைத் தொல்காப்பியம் வகுத்த காலத்திலிருந்து தமிழ்க் காது பழகியிருக்கிறது. அ–ஆ, இ–ஈ, உ–ஊ ஆகியவற்றோடு நிற்காமல் எ–ஏ, ஒ–ஓ என்று அந்த இரண்டிலும் குறில் நெடில் பிரிப்பது தமிழின் இயல்பு. இந்தி எழுத்தில் பழகியவருக்கு இந்தப் பிரிவு கிடையாது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு அளவு என்ற உணர்வே மங்கல். தாய்லாந்து மொழியோ ஒன்பது உயிர்களிலும் அளவைக் கறாராகக் காக்கிறது. அளவு மாறினால் சொல் மாறுகிறது.

தமிழ் எழுத்துக்கும் இந்தத் தெளிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்று பழைய இலக்கணம் விதித்தது. ஓலையில் எழுதியவர்கள் காலப்போக்கில் புள்ளியைக் கைவிட, குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்றன. படிப்பவர் இடம் நோக்கியே எது எதுவென்று தெளிய வேண்டியிருந்தது. கொம்பைச் சுழித்து நெடிலை வேறு பிரித்த திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1680இல் இத்தாலியில் பிறந்து 1747இல் மறைந்த அவர், விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர். உயிரின் அளவை எழுத்தில் காட்டுவது எத்தனை பெரிய காரியம் என்பதை அந்த வட்டாரத்துக்கு வெளியே இருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையிலிருக்கும் அந்தத் தெளிவைக் கீழே போட்டுவிட்டு, அளவே காட்டாத ரோமன் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தாய்லாந்து மொழிக்குள் நுழைவது என்ன நியாயம்?

தாய்லாந்தின் அரச கழகம் 1999இல் திருத்தி வெளியிட்ட ரோமன் பெயர்ப்பு முறைதான் அந்நாட்டுச் சாலைப் பலகைகளிலும் நிலப்படங்களிலும் காணப்படுவது. அது உயிரின் அளவைக் காட்டுவதில்லை, தொனியையும் காட்டுவதில்லை, இரண்டு வேறு ஓகாரங்களை ஒரே எழுத்தில் அடக்கிவிடுகிறது. ஊர்ப்பெயரை அஞ்சல் உறையில் எழுத அது போதும். மொழி கற்பதற்காக அது அமைக்கப்படவில்லை. கற்பிக்கும் கருவியாக அதை எடுத்துக்கொண்டவர்கள்மேல்தான் குற்றம். சோறு, வெள்ளை, செய்தி, மலை, நுழைதல், முழங்கால் ஆகிய ஆறு சொற்களும் அம்முறையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வரும். தாய்லாந்து எழுத்தில் ஆறும் வேறு வேறு. முதல் மூன்றும் 'காவ்' என்று நெடிலோடு எழுதப்படுபவை. பின் மூன்றும் 'கவ்' என்று குறிலின் குறியோடு எழுதப்படுபவை. அளவைப் பிரித்தவுடனேயே ஆறில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. மீதியைத் தொனிக்குறியும் மெய்யின் வகையும் தீர்க்கின்றன. பீங்கானுக்குப் பேர்போன வடதாய்லாந்து நகரத்தின் பெயர் 'லம்பாங்': முதலசை குறில், இரண்டாமசை நெடில். ரோமன் வடிவத்தில் இரண்டும் ஒரே எழுத்து. படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் தெளிவான சான்று, 2006இல் திறக்கப்பட்ட பாங்காக் விமான நிலையம். அதன் பெயரை ரோமன் எழுத்தில் கண்ட தமிழர் 'சுவர்ணபூமி' என்று படிக்கிறார். தெரிந்த சொல் என்று மகிழவும் செய்கிறார். அந்த ஊர் வாடகைக் காரோட்டி சொல்வது 'சுவன்னபூம்'. ரகரம் இரட்டித்து எழுதப்படும்போது 'அன்' ஆகிறது. கடைசி இகரம் எழுதப்பட்டும் ஒலிப்பதில்லை. ஆனால் அதே 'பூமி', மறைந்த மன்னர் பூமிபோன் பெயரின் தொடக்கத்தில் வரும்போது இகரம் ஒலிக்கிறது. அந்த மன்னர் பெயரையும் உலகம் லகரத்தில் முடித்தே எழுதுகிறது. தாய்லாந்தில் சொல்லிறுதி லகரம் னகரமாகவே ஒலிக்கும். வடமொழிச் சொல்லின் பழைய எழுத்தைப் பார்த்து ரோமனில் பெயர்த்த பெயர்கள் ஒரு புறம், ஒலியைக் கேட்டுப் பெயர்த்தவை மறுபுறம் எனக் கலந்து கிடக்கின்றன. தாய்லாந்து எழுத்தில் இந்த இரண்டு நிலைகளும் ஒரே இடத்தில் நின்று, விதி தெரிந்தவருக்கு வழிகாட்டுகின்றன.

ரோமன் வழியை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் தொனியைப் பற்றியது. ஐந்து தொனிகளைக் காது பிடித்துக்கொள்ளவே மாதங்கள் ஆகும். அதனோடு எழுத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம் என்கிறார்கள். தொனியும் உயிரின் அளவும் தனித்தனிப் பாடங்கள் என்று நினைப்பதால் வரும் வாதம் இது. தாய்லாந்து மெய்யெழுத்துகள் உயர்வகை, நடுவகை, தாழ்வகை என மூன்றாகப் பிரிந்தவை. தாழ்வகை மெய்யில் தொடங்கி வல்லொற்றில் முடியும் அசையில், உயிர் குறிலானால் தொனி உயரும், நெடிலானால் இறங்கும். 'ரக்' என்றால் அன்பு, உயர்ந்த தொனி. 'ராக்' என்றால் வேர், இறங்கும் தொனி. இரண்டிலும் தொனிக்குறி எதுவும் இல்லை; தொனியை முடிவு செய்வது உயிரின் அளவு. அளவைக் காட்டாத எழுத்தில் கற்றவர் தொனியையும் சேர்த்தே இழக்கிறார். பிறகு ஒவ்வொரு சொல்லின் தொனியையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் வீண்சுமை அவர்மேல் ஏறுகிறது. எழுத்தைத் தெரிந்தவர் அதைக் கணக்காகப் போட்டுக்கொள்கிறார். குறில், நெடில், ஒற்று என அசையைப் பிரித்து நேர், நிரை என்று வாய்பாடு சொல்லிப் பழகிய தமிழ் மாணவருக்கு இந்தக் கணக்கு கடினமே இல்லை. அசையின் இறுதி ஒற்றுகளைத் தாய்லாந்து இலக்கணமும் எட்டு 'மாத்ரா'க்களாகத்தான் வகுக்கிறது.

உயிர்க்குறிகளை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் தாய்லாந்தில் முயன்று பார்க்கப்படாதது அல்ல. 1292ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் ராம்கம்ஹேங் மன்னரின் கல்வெட்டில், மேலும் கீழும் எழுத வேண்டிய இகர உகரக் குறிகள்கூட மெய்யோடு ஒரே வரியில், அதற்கு முன்னால் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அந்த முறை நிலைக்கவில்லை. குறிகள் மேலும் கீழும் தத்தம் இடத்துக்கே திரும்பின. 1833இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல்வெட்டின் காலத்தைச் சில அறிஞர்கள் ஐயுறுகிறார்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்டது என்பது அவர்கள் வாதம். அப்படியே கொண்டாலும், ஒரே வரியில் உயிரை நிறுத்தும் சோதனை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்து, வழக்கில் ஏறாமல் போனது என்றே பொருள். 1917இல் ஆறாம் ராமா எனப்படும் வஜிராவுத் மன்னர் உயிர்க்குறிகள் அனைத்தையும் வரியிலேயே நிறுத்தும் புதுமுறை ஒன்றை முன்வைத்தார். மன்னரின் திட்டம் என்பதற்காகவும் மக்கள் அதை ஏற்கவில்லை. 1942இல் பிரதமர் பிபூனின் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, பதின்மூன்று மெய்களையும் ஐந்து உயிர்களையும் நீக்கியது. நீக்கப்பட்ட உயிர்கள், இருபது சொற்களில் வரும் அந்த ஐகாரமும் வடமொழிக்குரிய நான்கும். முன்னால் நிற்கும் மற்றக் குறிகளை அந்தச் சீர்திருத்தம்கூடத் தொடவில்லை. 1944இல் அதுவும் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் பெரியாரின் வழியைத் தழுவி 1978இல் வந்த அரசாணை, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய துதிக்கை வடிவத்தை விலக்கி, எல்லா மெய்க்கும் ஒரே ஐகாரக் கொம்பை முன்னால் வைத்தது. திருத்தம் தேடியவர்களும் முன்னால் நிற்கும் குறியையே ஒழுங்காகத் தேர்ந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்த எழுத்தை அன்றாடம் படிப்பவர்களுக்குக் குறியின் இடம் ஒருபோதும் நோவாக இருந்ததில்லை.

நோவாக இல்லாதது மட்டுமல்ல, துணையாகவும் இருக்கிறது. தாய்லாந்து எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடுவதில்லை. நம் ஓலைச்சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் இருந்ததுபோல வரி ஒரே ஓட்டமாக ஓடும். அங்கே ஓர் அசை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் முதல் அடையாளம், முன்னால் நிற்கும் உயிர்க்குறிதான். ஏகாரம், ஐகாரம், ஓகாரம், 'ஏ'க்கும் 'ஆ'வுக்கும் இடைப்பட்ட அந்தத் திறந்த உயிர் ஆகியவற்றின் குறி கண்ணில் பட்டால், அங்கே புதிய அசை தொடங்கிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். அகரக் குறிலுக்கு உரிய பின்குறி வந்தால் அசை அங்கே முடிந்தது. தலைமேல் ஏறும் அகரக்குறி வந்தால் இன்னும் ஒரு மெய் வந்துதான் அசை முடியும். சிதறல் என்று பழிக்கப்படும் குறிகளே வேலியும் வரப்புமாக நின்று வரியைப் பிரித்துக் கொடுக்கின்றன. எல்லா இடத்திலும் ஐயம் தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. 'தா-க்லோம்' என்று பிரித்தால் வட்டக் கண், 'தாக்-லோம்' என்று பிரித்தால் காற்று வாங்குதல், எழுத்து ஒன்றே. முன்குறி இல்லாத இடத்தில்தான் அந்த ஐயம் எழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்குறி இருந்தும் ஐயம் வரும் சொற்கள் சில உண்டு, அவை சிலவே.

ரோமன் வழியை மறுப்பவர்களிலும் ஒரு சாரார் எதிர்த்திசையில் பிழை செய்கிறார்கள். தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்திலிருந்தும், கெமர் எழுத்து பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்தும் வந்தவை. ஆகவே தமிழருக்கு அது தன் வீட்டு எழுத்து, பார்த்த உடனே படித்துவிடலாம் என்பது அவர்கள் பேச்சு. வம்சாவளி உண்மை, முடிவு தவறு. தென்தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுவது பெருமைக்குரியதே. அது இன்றைய தாய்லாந்து நாளிதழின் ஒரு வரியைப் படிக்க உதவாது. பாங்காக்கில் 1784இல் எழுந்த தேவஸ்தானத்தின் அந்தணர்கள் 'திரியம்பவாய் திரிபவாய்' என்ற சடங்கில் ஓதிவந்தவை திருவெம்பாவையும் திருப்பாவையும். ஒன்று தில்லையோடு கதை பிணைந்த மணிவாசகருடையது. மற்றொன்றை உள்ளடக்கிய திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் சேத்தியாத்தோப்புக்கு அடுத்த காட்டுமன்னார்கோயில்காரர். அந்த ஏடுகள் கிரந்த வகை எழுத்தில் இருந்தன. வடமொழிக்கு எகர ஒகரக் குறில்கள் வேண்டியிருக்கவில்லை என்பதால் கிரந்தம் அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. அந்த எழுத்தைத் தாய்லாந்து நாவால் தலைமுறை தலைமுறையாக ஓதியதில், பாடல்கள் தமிழ்க் காதுக்கு எளிதில் பிடிபடாத ஒலியாகிவிட்டன. நீலகண்ட சர்மா அந்த மூலங்களைப் பதிப்பித்து 1972இல் புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் வெளியிட்டபோது, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பாடல்களை அடையாளம் காண வேண்டியிருந்தது. அளவு காட்டாத எழுத்தின் வழியே ஒரு மொழியை ஓதினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது சான்று. இதை உறவுப் பெருமைக்கு மட்டும் எடுத்துப் பேசுகிறவர்கள் பாடத்தைத் தவறவிடுகிறார்கள்.

உறவு எழுத்து என்ற நம்பிக்கையில் படிக்கத் தொடங்கும் தமிழர் முதலில் இடறும் இடம் 'தோ'. சேத்தியாத்தோப்பின் 'தோ'வைப் போலவே முன்னொரு கொம்பும் பின்னொரு காலும் மெய்யைச் சூழ்ந்தால், பழைய தென்னெழுத்துகளில் அது ஓகாரம். தாய்லாந்து எழுத்தில் அதே வடிவம் 'அவ்'. சூளைக்கு உரிய சொல்லைத் தமிழ்க் கண் 'தோ' என்றே படிக்கும், சொல் 'தவ்'. ஓகாரத்துக்கு அங்கே முன்னால் மட்டும் நிற்கும் தனிக்குறி உண்டு. வடிவம் உறவினருடையது, ஒலி வேறு. இதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய இடர், குறியே இல்லாத உயிர். தமிழில் புள்ளி இருந்தால் மெய், இல்லாவிட்டால் அகரம் ஏறிய உயிர்மெய், ஐயத்துக்கு இடமில்லை. தாய்லாந்து எழுத்தில் அன்றாட வழக்கில் புள்ளி கிடையாது. பாலி நூல்களை எழுதும்போது அது வரும். நகரமும் ககரமும் குறியின்றி அடுத்தடுத்து நின்றால் தமிழர் 'நக' என்பார். அங்கே அது 'நொக்', பறவை. ஓரசைக்குள் இரண்டு வெற்றுமெய்களுக்கு நடுவே வருவது ஒகரக் குறில். அதே வெற்றுமெய் தனியசையாகப் பிரிந்தால் அகரம் பெறும். சாலைக்கு உரிய சொல்லில் மூன்று வெற்றுமெய்கள் மட்டுமே உள்ளன, படிப்பது 'தனொன்'. முதல் இடைவெளியில் அகரம், இரண்டாவதில் ஒகரம். 'நகர' என்ற வடசொல் அங்கே 'நகோன்' ஆனதும் இதையொட்டியே; சொல்லிறுதி ரகரம் னகரமாகி, தனக்கு முன்னே ஒரு நெடிலையும் வாங்கிக்கொண்டது. பாடநூல்கள் உண்மையில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். முன்னால் நிற்கும் குறியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எச்சரித்துவிட்டு, இல்லாத குறியைப் பற்றி நாலு வரியில் முடித்துவிடும் நூல்கள் கற்பவரைத் தவறான பக்கம் காவல் வைக்கின்றன. மெய் வந்து மூடும்போது குறிகள் உருமாறுவதும் இந்தப் பாடத்தோடு சேர்ந்தது. அகரத்தின் பின்குறி, மெய் வந்து மூடியதும் தலைமேல் ஏறிவிடும். கோப்பைக்கு உரிய 'துஅய்' என்ற சொல்லில் ஈருயிரின் மேற்குறி உதிர்ந்து வகரம் மட்டும் மிஞ்சும். நடத்தலைக் குறிக்கும் சொல்லில், பின்னால் நிற்க வேண்டிய தாங்கெழுத்து மறைந்து, இகரக்குறி தலைமேல் வரும்.

ஒலிகளில் தமிழுக்குப் புதியவை நான்கு. முதலாவது, 'ஏ'க்கும் 'ஆ'வுக்கும் இடைப்பட்டது. பாங்க், பேங்க் என்று இரண்டு விதமாகவும் தமிழில் எழுதப்படும் ஆங்கிலச் சொல்லில் உள்ள உயிர் ஏறக்குறைய அதுவே. இரண்டாவது, 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் இடைப்பட்டது; தமிழ்நாட்டில் 'ஹால்' என்றும் இலங்கையில் 'ஹோல்' என்றும் எழுதும் சொல்லில் அதைக் கேட்கலாம். 'பாங்காக்' என்ற பெயரின் இரண்டாம் உயிரும் அதுதான். முதல் உயிர் சுத்தமான ஆகாரம், அதைத் தமிழ் சரியாகவே பிடித்திருக்கிறது. மூன்றாவது, இதழ் குவியாத உகரம். நாடு, காசு போன்ற சொற்களின் ஈற்றில் வரும் குற்றியலுகரத்தை நீட்டிப் பழகினால் அதன் நெடிலும் கைவரும். ஊர்களின் பெயரில் அடிக்கடி வரும் 'முஅங்' என்ற நகரச் சொல்லில் இந்த உகரமே இருக்கிறது. ரோமன் வடிவமோ இரண்டு எழுத்தைப் போட்டு 'முயேங்' என்று சொல்லவைக்கிறது. நான்காவது, இதழைக் குவிக்காமல் ஒலிக்கும் ஓகாரம் போன்றது. இதற்குத் தமிழில் நேரான துணை இல்லை, கேட்டுத்தான் பழக வேண்டும். இந்த நான்குக்கும் தமிழ் எழுத்தின்மேல் ஓர் அடையாளத்தை இட்டுக்கொண்டால், கற்பவரின் குறிப்பேட்டுக்கு ரோமன் எழுத்தே தேவைப்படாது. மூச்சோடு வரும் வல்லின மெய்களுக்கும் அப்படியே ஓர் அடையாளம் போதும். நான்கு நாள் சுற்றுலாப் போகிறவர் எழுத்தைக் கற்க வேண்டியதில்லை. அவரும் தன் பத்துச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வதே நல்லது.

கற்பிக்கும் முறைக்கும் ஆங்கிலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. தாய்லாந்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் கூட்டாகச் சொல்லும் வாய்பாடு 'க கா கி கீ' என்றுதான் தொடங்குகிறது. அடுத்து இதழ் குவியா உகரத்தின் குறிலும் நெடிலும், பிறகு 'கு கூ'. எழுத்துக்கூட்டும்போது 'கோ–ஆ–கா' என்கிறார்கள். மெய்யின் பெயர், உயிர், இரண்டும் சேர்ந்த ஒலி. 'க்'கும் 'ஆ'வும் 'கா' என்று தமிழ்ப் பள்ளி சொல்வதும் இதுவே. குறி முன்னால் நின்றாலும் அவர்கள் மெய்யை முதலில் சொல்லி உயிரைப் பின்னால் சொல்கிறார்கள். ஆகவே முதலில் குறில் நெடில் இணைகளை வாயில் ஏற்றி, அடுத்து குறிகளின் இடம், பிறகு மூடிய அசையில் அவற்றின் உருமாற்றம், அதன்பின் வெற்றுமெய், கடைசியில் வடமொழி பாலிச் சொற்கள் என்று போவது இயல்பான வரிசை. வடசொற்களில் மெய்கள் வெகுவாக ஒலி மாறிவிட்டாலும் நெட்டுயிர்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன: வேளைக்கு 'வேலா', வயதுக்கு 'ஆயு', மொழிக்கு 'பாஸா'. மெய்யைத் தவறவிட்ட இடத்திலும் உயிரைப் பிடித்துச் சொல்லை அறிந்துகொள்ளும் வாய்ப்பு தமிழருக்கு இதனால் கிடைக்கிறது.

அகராதி பார்ப்பதற்கும் தட்டச்சுக்கும் இதே பழக்கம் கைகொடுக்கும். தாய்லாந்து அகராதி, முன்னால் நிற்கும் குறியை ஒதுக்கி மெய்யின் வரிசையிலேயே சொல்லை வைக்கிறது. 'சே'யை ஏகாரத்தில் தேடாமல் சகரத்தில் தேடும் தமிழருக்கு இதில் புதிதாக ஏதும் இல்லை. தட்டச்சில் முன்குறியை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிக்க வேண்டும். 1986இல் வகுக்கப்பட்ட தாய்லாந்துக் கணினிக் குறிமுறையும் அந்த வரிசையிலேயே சேமிக்கிறது. தமிழ் யுனிகோடு மெய்யை முன்னும் குறியைப் பின்னும் சேமிப்பது. கைப்பேசியில் மட்டும் தமிழ் எழுதிப் பழகியவருக்கு இந்த வேறுபாடு சில நாள் இடறும். தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு கற்றவரோ கொம்பை முதலில், மெய்யை அடுத்து, காலைக் கடைசியில் என்று 'தோ'வை அடித்துப் பழகியவர்; தாய்லாந்து விசைப்பலகையில் அவர் விரல்கள் போக வேண்டிய வரிசை அதுவே.